மீற்றரில் 1:1, யாழ்ப்பாணத்தில் சத்தமே இல்லை: டியூனரை எங்கே வைப்பது?

கடலோரக் கம்பி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்று மாடித் தொடர்மாடி; நான் குடியிருப்பது முதலாம் மாடியில். மொட்டைமாடியில் கோபுரமோ பெரிய அன்டெனாவோ வைக்க முகாமைத்துவக் குழு இடந்தராது. பலமுறை கேட்டபின் ஒரு மெல்லிய கம்பிக்கு மட்டும் தலையசைத்தார்கள். ஃபைபர் தூண்டிற் கம்பு ஒன்றைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டி, அதில் 5 மீற்றர் செப்புக் கம்பியை நேராக நிமிர்த்தியிருக்கிறேன். அங்கிருந்து என் அறைக்கு ஆர்.ஜி. 58 ரகக் கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி வெளிப்பின்னல் உள்ளது), 25 மீற்றர். நிலத்தில் செப்புத் தண்டு ஒன்றை அடித்து, கம்பியின் அடியிலிருந்து அதற்கு 10 மீற்றர் நீள எர்த் வயரும் இறக்கியிருக்கிறேன். மேசையில் அனுப்பவும் கேட்கவும் 100 வாட் அமெச்சூர் வானொலியும், அதை அன்டெனாவோடு பொருத்தக் கையால் திருப்பும் டியூனரும் இருக்கின்றன.

14 மெகாஹேர்ட்ஸில் குறையில்லை. பிரச்சினை 7 மெகாஹேர்ட்ஸில். டியூனரைத் திருப்பினால் எஸ்.டபிள்யூ.ஆர். (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம்; 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1:1க்கு அழகாக இறங்குகிறது. சென்னை நண்பர்களும் யாழ்ப்பாணத்து நண்பரும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறார்கள். நான் அழைத்தால் பதில் வருவதில்லை. அதே நேரத்தில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் என் குரல் கேட்கிறதாம். டியூனர் தரமில்லாததா? விலை கூடிய தானியங்கி டியூனர் வாங்கினால் சரிவருமா?

---

மாடிவீட்டு அலை (தெஹிவளை)

அண்ணா, தானியங்கி டியூனர் வாங்குங்கள். நான் வைத்திருப்பது எந்தக் கம்பியைக் கொடுத்தாலும் சில விநாடிகளில் 1:1 காட்டிவிடும். உள்ளே ரிலேக்கள்தான் (மின்னால் இயங்கும் சுவிட்சுகள்), ஒவ்வொரு ரிலேயும் ஒரு சுருளையோ கொண்டன்சரையோ சுற்றில் சேர்க்கும் அல்லது விலக்கும். 8 சுருள், 8 கொண்டன்சர் இருந்தால் 65,536 சேர்க்கைகள். கொண்டன்சர்களை உள்ளீட்டுப் பக்கம் வைப்பதா வெளியீட்டுப் பக்கம் வைப்பதா என்று இன்னொரு ரிலே முடிவெடுக்கும், ஆக 1,31,072. கையால் இவ்வளவையும் தேடிப் பிடிக்க முடியாது.

---

பழைய வால்வு (கொட்டாஞ்சேனை)

தம்பி கடலோரக் கம்பி, பணத்தைக் கொடுக்கமுன் இதைப் படியுங்கள். உங்கள் டியூனரில் குறையில்லை. அது இருக்கும் இடம்தான் குறை.

7.1 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 42 மீற்றருக்குச் சற்றுக் கூட. கால் அலைநீளம் என்றால் 10 மீற்றருக்கு மேல் வேண்டும். உங்களிடம் இருப்பது அதில் பாதி. இவ்வளவு குட்டையான நிமிர்ந்த கம்பியின் கதிர்வீச்சுத் தடை (வானலையாகப் போகும் சக்திக்குரிய தடை) கணக்குப்படி ஏறத்தாழ 5.5 ஓம்தான். அதோடு தொடராக 535 ஓம் அளவில் கொண்டன்சர்த் தன்மையான எதிர்ப்பு (ரியாக்டன்ஸ்; சக்தியைத் தின்னாது, திருப்பி அனுப்பும்) நிற்கும். எர்த் பக்கம் நல்லதாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அதன் இழப்புக்கு 17 ஓம் சேர்த்தால், கோஆக்ஸின் மேல்முனை பார்க்கும் இம்பீடன்ஸ் (தடையும் எதிர்ப்பும் சேர்ந்தது) 22.5 ஓம் தடை, கழித்தல் 535 ஓம் எதிர்ப்பு. 50 ஓம் கேபிளில் இதன் எஸ்.டபிள்யூ.ஆர். 250ஐத் தாண்டும்.

ஆனால் அறையில் டியூனர் பார்ப்பது 250 அல்ல, ஏறத்தாழ 9தான். ஏனென்றால் 25 மீற்றர் ஆர்.ஜி. 58 இந்த மீடிறனில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் (சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு) தின்னும். மேலே போகும் அலையும் தேய்கிறது, திரும்பி வருவதும் தேய்கிறது. திரும்பி வருவது குறைந்தால் மீற்றர் அதை நல்ல பொருத்தம் என்றே காட்டும். 9ஐ 1 ஆக்குவது எந்தச் சாதாரண டியூனருக்கும் எளிது. ஆகவே மீற்றர் பொய் சொல்லவில்லை. வானொலிக்கும் டியூனருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கேபிளில் போகும் மொத்த இழப்பைக் கணக்கிட்டால் 14 முதல் 15 டெசிபெல். 100 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 3 வாட் சொச்சம். அதிலும் கால்வாசிதான் கதிர்வீச்சாகும். மிச்சம் எர்த் பக்கம் சூடாகப் போகும். வானத்துக்குப் போவது ஒரு வாட்டுக்கும் குறைவு. ஓட்டைக் குழாயின் அடியில் எவ்வளவு நல்ல பம்பு பூட்டினாலும் மாடித் தொட்டி நிறையாது. தானியங்கி டியூனரை மேசையில் வைத்தாலும் இதே கதைதான்.

14 மெகாஹேர்ட்ஸில் ஏன் குறையில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அங்கே 5 மீற்றர் ஏறத்தாழக் கால் அலைநீளம். கம்பி தானாகவே பரிவில் (எதிர்ப்பு ஒழிந்த நிலையில்) நிற்கிறது. கேபிளில் திரும்பி வர அதிகமில்லை.

---

மாடிவீட்டு அலை (தெஹிவளை)

> *கேபிளில் போகும் மொத்த இழப்பைக் கணக்கிட்டால் 14 முதல் 15 டெசிபெல்.*

ஐயா, ஒரு சந்தேகம். திரும்பி வரும் சக்தி எங்கும் போய்விடுவதில்லை, டியூனரில் பட்டு மறுபடியும் மேலே போகிறது என்றுதானே படித்திருக்கிறோம்? அப்படியானால் கடைசியில் எல்லாம் அன்டெனாவுக்குப் போய்ச் சேரத்தானே வேண்டும்?

---

பழைய வால்வு (கொட்டாஞ்சேனை)

படித்தது சரி. இழப்பே இல்லாத கேபிளில் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் பழையவர்கள் இரு கம்பித் திறந்த இணைப்பை 10 என்ற எஸ்.டபிள்யூ.ஆரிலும் கவலையில்லாமல் ஓட்டினார்கள். அதன் இழப்பு அவ்வளவு குறைவு. கோஆக்ஸில் ஒவ்வொரு போக்குவரத்துக்கும் வரி கட்ட வேண்டியிருக்கிறது. அன்டெனா 98 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும்போது அதே சக்தி எத்தனையோ தடவை மேலும் கீழும் போய்வர வேண்டும். அதற்குள் பெரும்பகுதி கேபிளின் சூடாகிவிடும்.

எஸ்.டபிள்யூ.ஆர். 20 என்று வைத்துப் பாருங்கள். 25 மீற்றர் ஆர்.ஜி. 58இல் மொத்த இழப்பு 5 டெசிபெல் வரும். 100இல் 30 வாட் தேறும். தடித்த ஆர்.ஜி. 213 போட்டால் 3 டெசிபெல்லுக்குள் நிற்கும், பாதி தேறும். கேபிளை மாற்றினால் பயன் உண்டு. ஆனால் 250 என்ற நிலையில் கேபிளை மாற்றுவது அரைக் கிணறு தாண்டுவது.

---

சிற்றலை வாசகி (பம்பலப்பிட்டி)

தொலைத்தொடர்புப் பொறியியலில் இருப்பவள் என்ற முறையில் ஐயா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் குரல் கேட்கிறது என்றீர்களே, அது முக்கியமான தடயம்.

எர்த் வயர் 10 மீற்றர். 7.1 மெகாஹேர்ட்ஸில் அதுவும் ஏறத்தாழக் கால் அலைநீளம்! அடிமுனை நிலத்தில் இருக்கும் கால் அலைக் கம்பியின் மேல்முனை மிகப் பெரிய இம்பீடன்ஸைக் காட்டும். அதாவது மொட்டைமாடியில் நின்று பார்த்தால் அந்த எர்த் வயர் அறுந்த கம்பிக்குச் சமம். இடிமின்னலுக்கும் மின்பாதுகாப்புக்கும் அது வேண்டும், கழற்றாதீர்கள். வானொலி அலைக்கு மட்டும் அது எர்த் ஆகாது. அன்டெனாவின் மறுபாதி இல்லாததால் உங்கள் கோஆக்ஸின் வெளிப்பின்னல் அந்த வேலையைச் செய்கிறது. அது சுவரோரமாக எல்லா வீடுகளின் கம்பிகளுக்கும் பக்கத்தால் இறங்கி வருகிறது. பக்கத்து வீட்டில் உங்கள் குரல் கேட்காமல் என்ன செய்யும்?

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடியோரமாக 10 மீற்றர் காப்புறை வயர்களை, முடிந்தால் நான்கு, வெவ்வேறு திசைகளில் ஓட விடுங்கள். நேராகப் போக இடமில்லாவிட்டால் மூலையில் மடக்கலாம். நிலத்தோடு தொடுக்க வேண்டாம். நுனிகளில் வோல்டேஜ் அதிகம். குழந்தைகள் கைபடாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். கோஆக்ஸ் அன்டெனாவைச் சேரும் இடத்தில் 31 ரக ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்றளவு சுற்றிவிட்டால் வெளிப்பின்னலில் இறங்கும் ஓட்டம் அடங்கும். கணினிப் பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது இரும்புத் தூள், சிற்றலைக்கு ஆகாது.

---

கடலோரக் கம்பி (வெள்ளவத்தை)

அக்கா, ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. இம்பீடன்ஸ் அளக்கும் நானோ வி.என்.ஏ. கருவியை நண்பரிடம் வாங்கி மொட்டைமாடியில் கம்பியின் அடியிலேயே வைத்து அளந்தேன். வயர்கள் போடமுன் 38 ஓம் தடை, கழித்தல் 548 எதிர்ப்பு. நான்கு வயர்கள் போட்டபின் 22 ஓம், கழித்தல் 537. பக்கத்து வீட்டுப் பிரச்சினை பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஆனால் தடை 50 ஓமிலிருந்து இன்னும் தூரமாகப் போய்விட்டதே? 38 என்றால் 50க்குக் கிட்ட, 22 தூரம். பொருத்தம் மோசமாகவில்லையா?

---

பழைய வால்வு (கொட்டாஞ்சேனை)

இதற்குத்தான் காத்திருந்தேன். தம்பி, இது நல்ல செய்தி.

38 ஓமிலும் கதிர்வீச்சுக்குரியது 5.5தான். 22 ஓமிலும் அதே 5.5தான். குறைந்த 16 ஓம் முழுவதும் வீண் இழப்பு, அதை ஒழித்துவிட்டீர்கள். கம்பிக்கு வந்து சேரும் சக்தியில் முன்பு ஏழில் ஒரு பங்கு வானத்துக்குப் போனது. இப்போது நாலில் ஒரு பங்கு போகிறது. குட்டைக் கம்பியில் எஸ்.டபிள்யூ.ஆர். தானாக நல்லதாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். டம்மி லோடு (சக்தியைச் சூடாக்கி முடிக்கும் சோதனைத் தடை) எப்போதும் 1:1தான், ஒருவரோடும் பேசாது. எர்த் பக்கத்தைத் திருத்தத் திருத்தத் தடை இறங்கும். 50 ஓமுக்கு ஏற்றுவது பொருத்துச் சுற்றின் வேலை, மண்ணின் வேலையல்ல. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அலைவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இனிப் பொருத்துச் சுற்று. கம்பியின் அடியில், கோஆக்ஸ் முடியும் இடத்தில், ஒரு சுருளும் ஒரு மாறும் கொண்டன்சரும் போதும். கொண்டன்சர் கோஆக்ஸுக்குக் குறுக்கே. சுருள் கோஆக்ஸிலிருந்து கம்பிக்குத் தொடராக. சுருளின் சொந்த இழப்பையும் சேர்த்து மொத்தத் தடை 25 ஓம் என்று வைத்தால் கணக்கு மிக எளிது. 25இலிருந்து 50க்கு ஏற்ற, தொடரில் மேலதிகமாக 25 ஓம் சுருள் எதிர்ப்பும், குறுக்கே 50 ஓம் கொண்டன்சர் எதிர்ப்பும் வேண்டும். கம்பியின் 535ஐ அடிக்கவும் இந்த 25ஐக் கொடுக்கவும் ஒரே சுருள்: 560 ஓம். 7.1 மெகாஹேர்ட்ஸில் அது 12.5 மைக்ரோஹென்றி. கொண்டன்சர் 450 பிக்கோஃபரட் அளவு.

5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில், 7.5 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சீராக இடைவெளி விட்டு 22 சுற்று சுற்றினால் ஏறத்தாழ இந்த அளவு வரும். இரண்டு சுற்றுக் கூடவே சுற்றுங்கள். பிறகு சரியான சுற்றைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். கம்பி தடிமனாக இருக்கட்டும். சுருளின் தரம்தான் இங்கே எல்லாம். அதன் தரக்காரணி (எதிர்ப்பை இழப்புத் தடையால் வகுத்தது) 200 என்றால் இழப்பு 2.8 ஓம், 50 என்றால் 11 ஓம், அதாவது கதிர்வீச்சுத் தடையின் இரண்டு மடங்கு! மெல்லிய வயரில் நெருக்கிச் சுற்றிய சுருள் உங்கள் சக்தியைத் தின்றுவிடும்.

---

கடலோரக் கம்பி (வெள்ளவத்தை)

ஐயா, மாறும் கொண்டன்சர்தான் சிக்கல். அதிக வோல்டேஜ் தாங்கும் கொண்டன்சரைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாகக் கேட்டும் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுத்தால் விலை தாங்காது.

---

பழைய வால்வு (கொட்டாஞ்சேனை)

வேண்டியதேயில்லை. இந்தச் சுற்றை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

கொண்டன்சர் இருப்பது கோஆக்ஸின் 50 ஓம் பக்கத்தில். கேபிள் இழப்புப் போக 80 வாட் மேலே வருகிறது. 50 ஓமில் அது 63 வோல்ட். அவ்வளவுதான். பழைய வால்வு வானொலியின் கேங் கொண்டன்சர் (ஒரே அச்சில் இரண்டு பகுதிகள் சுழலும் மாறும் கொண்டன்சர்), அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கூடத்தில் இருந்த பெட்டியிலிருந்து கழற்றியது, அதைத் தாராளமாகத் தாங்கும். இரண்டு பகுதிகளையும் இணைத்துவிட்டால் 450க்கு மேல் எளிதாக வரும். புதியது தேடாதீர்கள், பழைய வானொலி திருத்துபவர்களிடம் கேளுங்கள்.

வோல்டேஜ் முழுவதும் சுருளின் மேல்முனையில்தான். கம்பியில் ஓடுவது 1.8 அம்பியர், அதை 535ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,000 வோல்ட், உச்சத்தில் 1,400. அந்த முனையை மட்டும் நல்ல காப்போடு, பெட்டியின் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். உங்கள் மேசை டியூனரில் இரண்டு கொண்டன்சர், நடுவில் எர்த்துக்குச் சுருள் என்ற அமைப்பு இருக்கும். அதில் வோல்டேஜ் கொண்டன்சர் மேல் விழும். குட்டைக் கம்பிக்கு அது படபடவென்று பொறி தட்டுவது அதனால்தான். அந்த அமைப்பில் இன்னொரு கெடுதியும் உண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளில் 1:1 காட்டும், அவற்றில் சில சுருளைச் சூடாக்கும் நிலைகள். எப்போதும் கொண்டன்சர்களைக் கூடியவரை மூடியும், சுருளைக் கூடியவரை குறைத்தும் பொருத்தம் தேட வேண்டும்.

இந்த மாற்றத்துக்குப்பின் வானத்துக்குப் போவது 17 வாட் அளவில் இருக்கும். முன்பு ஒரு வாட்டுக்கும் குறைவு. 13 டெசிபெல் வித்தியாசம். யாழ்ப்பாணத்து நண்பரின் எஸ் மீற்றரில் (வரும் அலையின் வலிமையைக் காட்டுவது) இரண்டு புள்ளிக்கு மேல் ஏற வேண்டும்.

ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், 2004 ஆழிப்பேரலையில் தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது தென்கரையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவற்றில் அமெச்சூர் சிற்றலை நிலையங்களும் இருந்தன. அன்று உதவியது மீற்றரில் தெரிந்த 1:1 அல்ல, மறுமுனையில் கேட்ட சத்தம்.

---

அரை அலை (வத்தளை)

என் பங்குக்கு: யாழ்ப்பாணம், மட்டக்களப்புத்தான் குறி என்றால் நிமிர்ந்த கம்பியே சரியான தேர்வல்ல. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இந்தத் தூரத்துக்கு அலை ஏறத்தாழச் செங்குத்தாக மேலே போய் அயனமண்டலத்தில் பட்டு இறங்க வேண்டும். நிமிர்ந்த கம்பி உச்சிப் பக்கம் மிகக் குறைவாகவே வீசும். கம்பியை 10 மீற்றராக்கி, 5 மீற்றர் நிமிர்ந்தும் மிச்சம் 5 மீற்றர் கிடையாகவும் விடுங்கள். மொத்தம் கால் அலைநீளம் ஆவதால் 535 ஓம் எதிர்ப்பு கிட்டத்தட்ட மறையும். கதிர்வீச்சுத் தடை மூன்று மடங்குக்கு மேல் கூடும். கிடைப்பகுதி மேல்நோக்கியும் வீசும். சுருளே தேவைப்படாமல் போகலாம். சுற்றைத் திருத்தமுன் கம்பியைத் திருத்துங்கள்.

---

பழைய வால்வு (கொட்டாஞ்சேனை)

அரை அலை சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். முகாமைத்துவக் குழு அந்தக் கிடைக்கம்பிக்கு இடந்தந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். நான் சொன்னது கம்பி நீளாத நிலைக்கு.

---

பல்கனி வளையம் (கொள்ளுப்பிட்டி)

மொட்டைமாடியே கிடைக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். 14 மெகாஹேர்ட்ஸில் நான் பேசுவது பல்கனியில் வைத்த 1 மீற்றர் விட்டமுள்ள செப்புக் குழாய் வளையத்தில். மாறும் கொண்டன்சர் ஒன்றே அதன் முழுப் பொருத்துச் சுற்று. 50 பிக்கோஃபரட் அளவில் பரிவு கிடைக்கும். கதிர்வீச்சுத் தடை 0.1 ஓம்தான்! 22 மில்லிமீற்றர் குழாயின் இழப்பே அதில் பாதியளவு வரும். ஒரு திருகாணி தளர்ந்தாலும் வேலை கெட்டது. மூட்டுகளைப் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும். 100 வாட் கொடுத்தால் கொண்டன்சரில் 5,000 வோல்ட்டைத் தாண்டும், வளையத்தில் 25 அம்பியருக்கு மேல் ஓடும். அதனால் நான் 10 வாட்டில் நிற்கிறேன். பட்டை அகலம் 20 கிலோஹேர்ட்ஸ் அளவு. சற்று நகர்ந்தாலும் மறுபடி திருப்ப வேண்டும். தேய்தொடுகை இல்லாத, இரண்டாகப் பிரித்த தட்டுக் கொண்டன்சர்தான் இதற்கு உகந்தது. அனுப்பும்போது வீட்டில் எவரும் வளையத்தின் அருகில் நிற்கக் கூடாது.

---

நிர்வாகி

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: கேட்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து உரிமம் பெற்றபின்னரே அனுப்ப வேண்டும். ஒலிபரப்புக் கருவி இறக்குமதிக்கும் அனுமதி தேவை.

---

கடலோரக் கம்பி (வெள்ளவத்தை)

கிடைக்கம்பிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. ஐயாவின் சுற்றைக் கட்டிவிட்டேன். மருதானையில் பழைய வானொலி திருத்தும் ஒருவரிடம் கேங் கொண்டன்சர் கிடைத்தது. தட்டுகளில் பச்சை பிடித்திருந்தது. தூரிகையால் துடைத்து, அச்சின் தொடுகையில் ஒரு துளி எண்ணெய் விட்டதும் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. 22 சுற்றுச் சுருளில் ஒரு சுற்றைக் குறைத்தபோது பரிவு 7.1இல் வந்து நின்றது. கொண்டன்சரை முக்கால்வாசி மூடியதும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1. யாழ்ப்பாணத்து நண்பர் முதல் அழைப்பிலேயே பதில் தந்தார். இரைச்சலுக்குள் தேட வேண்டியிருந்த சத்தம் இப்போது இரைச்சலுக்கு மேலே நிற்கிறது என்றார்.

இரண்டு கேள்விகள். கடல் உப்புக்கு என்ன செய்வது? 7, 14, 21 மூன்றையும் இதே கம்பியில் ஓட்ட, ஒவ்வொரு முறையும் மேலே ஏறாமல் வழி உண்டா?

---

பழைய வால்வு (கொட்டாஞ்சேனை)

மனம் நிறைந்தது தம்பி.

உப்புக்கு: பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் ரப்பர் விளிம்பு, அடியில் ஒரு சிறு துளை. முழுக்க அடைத்த பெட்டிக்குள் இரவில் ஈரம் படிந்து வெளியேற வழியில்லாமல் தேங்கும். வெளியே தெரியும் மூட்டுகள் எல்லாவற்றுக்கும் சிலிக்கோன். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். ஓர் அறிகுறியை மனத்தில் வைத்திருங்கள்: எஸ்.டபிள்யூ.ஆர். 2க்குள் நிற்கும் பட்டை அகலத்தை இன்று அளந்து எழுதி வையுங்கள். சில மாதங்களில் அது விரிந்திருந்தால் மகிழாதீர்கள். எங்கோ உப்பு ஏறி இழப்பு கூடியிருக்கிறது.

இரண்டாம் கேள்வியை வாசகி அக்காவிடம் விடுகிறேன்.

---

பல்கலை மாணவன் (மொறட்டுவை)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் இறுதியாண்டுச் செயற்றிட்டம் இதற்குக் கிட்டியது. மாறும் கொண்டன்சருக்குப் பதில் வராக்டர் டயோடும், ரிலேக்குப் பதில் சுவிட்சாக இயங்கும் பின் டயோடும் வைத்து, நகரும் பாகமே இல்லாத மாறும் இம்பீடன்ஸ் சுற்றை இந்த அன்டெனாவுக்குச் செய்யலாமா அக்கா?

---

சிற்றலை வாசகி (பம்பலப்பிட்டி)

தம்பி, இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அதே 5 மீற்றர் கம்பி மூன்று மீடிறன்களில் மூன்று குணம் காட்டும். 7இல் கொண்டன்சர்த் தன்மை, 535 ஓம். 14இல் ஏறத்தாழப் பரிவு. 21இல் அதே கம்பி கால் அலைநீளத்தைத் தாண்டிவிடுவதால் சுருள் தன்மை, 370 ஓம் அளவு. அங்கே தொடரில் சுருள் அல்ல, கொண்டன்சர் வேண்டும். ஆகவே மாறும் சுற்று என்றால் ஒரே பாகத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டுமல்ல, பாகத்தின் வகையையே மாற்ற வேண்டும். மாடிவீட்டு அலை சொன்ன தானியங்கி டியூனர் இங்கேதான் தன் மதிப்பைக் காட்டும், மேசையில் அல்ல, மொட்டைமாடிப் பெட்டிக்குள் வைத்தால். அதற்கான 12 வோல்ட்டைக் கோஆக்ஸ் வழியாகவே அனுப்பலாம். பொருத்தம் தேடும்போது 10 வாட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். முழுச் சக்தியில் ரிலே திறந்தால் தொடுகை ஒட்டிக்கொள்ளும்.

வராக்டர் இந்த இடத்துக்கு ஆகாது. அதன் கொள்ளளவம் அதன்மேல் விழும் வோல்டேஜோடு மாறும். அதனால்தான் அது மாறும் கொண்டன்சராகவே இருக்கிறது. சில பத்து வோல்ட் கட்டுப்பாட்டில் ஓடும் பாகத்தின்மேல் நூற்றுக்கணக்கான வோல்ட் வானொலி அலை விழுந்தால், அலையின் ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவம் ஆடும். அலை திரிந்து வேறு மீடிறன்களில் குப்பை கிளம்பும். கேட்கும் பக்கத்து முன்தெரிவுச் சுற்றுக்கு அது மிக நல்லது. செல்பேசிகளில் மின்னழுத்தத்தால் மாறும் கொண்டன்சர்கள் அன்டெனாப் பொருத்தத்துக்கு உண்மையிலேயே பயன்படுகின்றன. அங்கே சக்தி சிறிது, வோல்டேஜும் சிறிது.

பின் டயோடு அனுப்பும் பக்கத்திலும் நிற்கும். ஆனால் கடத்தாத நிலையில் அதற்குப் பெரிய எதிர்மறை வோல்டேஜ் கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அலையே அதைக் கடத்தவைத்துவிடும். மாற்றம் மிக வேகமானது, தேய்மானம் இல்லை. 100 வாட் வீட்டு நிலையத்துக்கு நல்ல ரிலேயே எளிது. செயற்றிட்டத்துக்கு 10 வாட் எல்லை வைத்துக்கொண்டு பின் டயோடில் செய்யுங்கள் தம்பி. வோல்டேஜ் மூன்றில் ஒன்றாகிவிடும், கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும்.

---

பல்கலை மாணவன் (மொறட்டுவை)

மிக்க நன்றி அக்கா. கடைசியாக ஒன்று: 12.5 மைக்ரோஹென்றிச் சுருளைத் துண்டுதுண்டாகக் குறுக்குச் சுற்றாக்கும் ரிலேக்களுக்கு 1,000 வோல்ட் தாங்கும் வகைதான் வேண்டுமா?

---

சிற்றலை வாசகி (பம்பலப்பிட்டி)

மாறாத பெரிய சுருளைக் கம்பிப் பக்கமும், மாறும் சிறு சுருள்களைக் கோஆக்ஸ் பக்கமும் வையுங்கள். 1,000 வோல்ட் இருப்பது கம்பிமுனையில். கோஆக்ஸ் பக்கமாக வர வர அது இறங்கி 60 சொச்சத்தில் முடிகிறது. அங்கே சாதாரண ரிலே தாங்கும். 14க்கும் 21க்கும் பெரிய சுருளை முழுதாக விலக்கும் ஒரே ஒரு ரிலேயை மட்டும் இடைவெளி அகன்ற வகையாக வாங்குங்கள். ஒரே சுருளின் சில சுற்றுகளைக் குறுக்குச் சுற்றாக்காதீர்கள். மூடிய சுற்றுகளில் ஓட்டம் தூண்டப்பட்டு மிச்சச் சுருளின் தரக்காரணியைக் கெடுக்கும். சிறு சுருள்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும். சிவப்பு நிற டி-200-2 வளையங்களிலும் சுற்றலாம். 10 சுற்றுக்கு 1.2 மைக்ரோஹென்றி வரும்.